தனிக்குடித்தனம் போன ஃபைல்கள்

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் அப்படித்தான்னு நம்பி எழுதறேன். புது வேலைக்குன்னு அந்த ஊருக்குப் போனதிலேருந்து போன்ல கேட்டா "ம்"னு ஒரே ஒரு எழுத்து வருது. அதை வெச்சு உடம்புக்கா மனசுக்கான்னு ஜோசியம் பார்க்க எனக்குத் தெரியலை. அதான் காகிதம்.

இன்னிக்கு ஆபீஸ்ல நம்ம ரெப்போவை, அதான் நெட்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைல் போட்டு வெச்சிருக்கற பெட்டியை, திறந்தேன். ரெண்டு பேர் கம்ப்யூட்டரும் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற செட்டிங்ஸ் ஃபைல் எல்லாம் பதினாறு வருஷமா ஒரே கூரைக்குள்ள குடியிருந்த இடம். பாதி காலி! உங்க ஃபைல் ஒண்ணுகூட இல்லை. "தனி ரெப்போவுக்கு மாற்றப்பட்டது"ன்னு ஒத்தை வரி. மின்தடை அறிவிப்பில்கூட "சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு போடுவாங்க.

மாமியார்கிட்டேருந்து தனிக்குடித்தனம் போன புருஷனைப் பார்த்திருக்கேன். பொண்டாட்டிகிட்டேருந்து போனவரை இப்பதான் பார்க்கறேன். பக்கத்து சீட்டுக்காரிகிட்ட சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது. வாய்!) அவ, "என் வீட்டுக்காரரும் முதல்ல பாஸ்வேர்டைத்தான் மாத்தினார், அப்புறம் வீட்டையே மாத்திட்டார்"னு ஆறுதல் சொன்னா.

அப்படி என்ன கோபம்? மாசக் கடைசி லீவுக்கு வருவீங்கதானே?

உங்க வாயாடி

ஜூன் 9

வாயாடிக்கு,

கோபம் இல்லைன்னு ஆரம்பிச்சு ரெண்டு தாள் கிழிச்சாச்சு. இருக்கு.

போன மாசம் புது ஆபீஸ்ல பதினெட்டு பேர் முன்னாடி என் வேலையைக் காட்டச் சொன்னாங்க. சுவர் அளவுத் திரை. கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதல் வரியா உன் வாழ்த்து வந்து நின்னுது: "எட்டு மாசமா வீட்டைக் காவல் காக்கும் மகாராஜாவே, எழுந்தாச்சா?"

எனக்கு வேலை போயிருந்தப்ப என்னைச் சிரிக்க வைக்க நீ எழுதினது. வேலை கிடைச்ச அன்னிக்கே அதை நீக்கிட்டேன். எப்படித் திரும்பி வந்ததுன்னு புரியலை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இப்ப இங்க என் பேரே மகாராஜாதான். "மகாராஜா, அந்த ரிப்போர்ட் முடிஞ்சுதா?"ன்னு என்னைவிடப் பதினைஞ்சு வயசு சின்ன மேனேஜர் கேட்கிறார்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த எட்டு மாசமும் தினம் காலைல அதைப் படிச்சுச் சிரிச்சேன், ஞாபகம் இருக்கா? நீ பக்கத்துல நின்னு என் முகத்தையே பார்ப்பே. சிரிக்காட்டி இதைவிடப் பெருசா ஒண்ணு எழுதிடுவியோன்னு பயம்.

லீவுக்கு வரலை.

ஜூன் 14

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

"மகாராணியின் பதில்"னு ஆரம்பிச்சேன். அடிச்சிட்டேன். பாருங்க, கை அப்படிப் பழகிப்போச்சு.

அந்த வரி தவறுதலா வந்துடுச்சுன்னு எழுதலாம். ரெண்டு ஃபைலைச் சேர்க்கும்போது பழசு ஒட்டிக்கிறது சகஜம், நீங்களும் நம்பியிருப்பீங்க. ஆனா அது பொய். நீங்க நீக்கினதைப் பார்த்தேன். பக்கத்துல "இனி வேண்டாம்"னு எழுதியிருந்ததையும் பார்த்தேன். பார்த்துட்டேதான் திரும்பப் போட்டேன். உங்க கம்ப்யூட்டர் தினம் காலைல நம்ம ரெப்போவிலேருந்து புதுசை இழுத்துக்கும்னு தெரியும். அப்ப நாலு நாளா போன்ல "ம்" மட்டும்தான். இதைப் பார்த்தா உடனே கூப்பிட்டுத் திட்டுவீங்க, உங்க குரலையாவது கேட்கலாம்னு நினைச்சேன். பதினெட்டு பேரை நினைக்கலை.

பக்கத்து சீட்டுக்காரிகிட்ட இதைச் சொல்லலை. சொல்ற மாதிரி இல்லை.

ஊரையே சிரிக்க வைக்கிறவள்னு எனக்கு ஒரு கர்வம். ஒரு ஆள் பயந்து சிரிச்சதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாசமும் ஒரு கடிதமும் ஆச்சு.

மன்னிச்சிடுங்கன்னு எழுதினா அதுவும் ஒரு அதிகாரம் மாதிரி இருக்கு. எழுதலை.

வாயாடி

ஜூன் 21

நீ உண்மையைச் சொல்லுவேன்னு நான் எதிர்பார்க்கலை.

என் புது ரெப்போவைப் படிக்க உனக்கு அனுமதி கொடுத்திருக்கேன். எழுத அனுமதி இல்லை. இது தண்டனை இல்லை. காலைல கம்ப்யூட்டரைத் திறக்கும்போது என்ன வருமோன்னு பயப்படாம இருக்கணும், அவ்வளவுதான்.

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

ஒத்துக்கிறேன், ஒரு தடவை உங்க ரெப்போவுல எழுதிப் பார்த்தேன். ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்க்க முடியுதான்னு. முடியலை. அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சேன். பதினாறு வருஷத்துல நீங்க எழுதினதை நடுவுல புகுந்து திருத்தாம முழுசாப் படிச்சது இதுதான் முதல் தடவை. ஆறாவது ஃபைல்ல எழுத்தின் அளவு இருபதுன்னு இருக்கு. பக்கத்துல குறிப்பு: "இப்ப கண் வலிக்கலை." பொது ஃபைல்ல அது பன்னிரண்டு. நான் வெச்சது. திரையில நிறைய வரி தெரியணும்னு. நீங்க கழுத்தை நீட்டித் திரைகிட்ட மூக்கை வெச்சுப் படிக்கும்போது ஆமைன்னு கூப்பிட்டேன். அதுக்கும் சிரிச்சீங்க.

ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேட்க வாய் வரைக்கும் வருது. எப்ப சொல்ல விட்டேன்?

அடுத்த மாச லீவுக்கு நான் அங்க வரட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னே எழுதுங்க, "ம்"னு எழுதாதீங்க.

விஷயம் கொஞ்சம்தான். உங்களுக்குப் படிக்கச் சிரமமா இருக்கக் கூடாதுன்னு பெரிய எழுத்தா எழுதினதுல நாலு தாள் ஆயிடுச்சு.

நான்