இன்னொருக்கச் சொல்லு

தாராவி,
1964

அன்பான டீச்சரம்மாவுக்கு,

ஊரில் உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் நீங்கள் என்பதால் இதையும் உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தாலே பொய்தான் என்று என் வீட்டுக்காரரே சிரித்துக்கொண்டு சொல்வார். மற்ற வாத்தியார்கள் பிரம்பை எடுப்பார்களாம். நீங்கள் மட்டும், "ஏல, என் முகத்தப் பாத்து இன்னொருக்கச் சொல்லு" என்பீர்களாம். அவருக்கு வராதாம்.

இவர் வேலை பார்த்த தோல் ஷெட்டில், கூட வேலை பார்த்த பூதத்தான் அண்ணன் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து செத்தபோது, குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீசில் சொல்ல முதலாளி சேட் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் அப்படியே சொன்னார்கள். இவரும் சொன்னார். ஸ்டேஷன் வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய், "நான் சொன்னது பொய் சாப். தொட்டி மேல போட்டிருந்த பலகை உளுத்துக் கெடந்துது" என்றாராம். அன்று சாயங்காலமே சேட்டின் ஆட்கள் எங்கள் சந்தில் காத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான், "சரியாயிரும்" என்றேன். "ஏட்டி, என் முகத்தப் பாத்து இன்னொருக்கச் சொல்லு" என்றார். எனக்கும் வரவில்லை. மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு யாரையோ படுக்கவைத்துவிட்டார்கள்.

மகள் அப்பாவைக் கேட்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்.

அவர் செய்தது நல்ல காரியம் என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள், டீச்சரம்மா. ரயிலேறி வாருங்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவனின் வீட்டுக்காரி