சுருட்டு அலுமாரி

மடு மாதா துணை
வுப்பர்டால்
08.02.2004

அன்புள்ள புஷ்பம்,

நான் நலம். நீரும் பிறேமா அக்கா வீட்டில் நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். "ஃபோனில கதைச்சா ரெண்டு பேரும் கத்துறியள், கொஞ்ச காலத்துக்குக் கடிதம் மட்டும் எழுதுங்கோ" என்று பாதர் சொன்னார். சொன்னபடி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது என்பது உமக்குத் தெரியும்.

தனிப் பட்டறைக்கு முதல் பெரிய வேலை வந்திருக்கிறது. ஹார்ட்மன் என்று ஒரு பல்வைத்தியர். சுருட்டு வைக்க அலுமாரி வேண்டுமாம். ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே தட்டுகளும் இழுப்பறைகளும். சுருட்டு காயவும் கூடாது, பூஞ்சணம் பிடிக்கவும் கூடாது. உள்ளே ஈரப்பதம் எழுபது வீதத்தில் நிற்க வேண்டும். உள்பக்கம் முழுக்கச் செடர் மரம், வார்னிஷ் பூசாமல். பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் சுருட்டு உறிஞ்சிவிடும் என்பதால் பசைகூடப் பார்த்துத்தான் போட வேண்டும். ஜூனில் அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். அதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

இங்கே குளிர். உம்முடைய சேலை அலுமாரி அப்படியே நிற்கிறது.

அன்புடன்,
பேனாட்


டார்ம்ஸ்டாட்
22.02.2004

அன்புள்ள அத்தான்,

கடிதம் கிடைத்தது. பல்வைத்தியரின் சுருட்டுக்கு ஒரு பக்கம், எனக்கு அரை வரி. சுருட்டு காய்ந்துவிடுமே என்று உங்களுக்கு இருக்கிற கவலையைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அக்காவுக்கும் வாசிக்கக் கொடுத்தேன், சிரித்தா. கோபிக்க வேண்டாம்.

வேலை கிடைத்தது நல்லது. நீங்கள் தனியாகப் பட்டறை போட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நிரந்தர வேலையை நீங்கள் விட்ட கதையை லோறன்ஸ் அண்ணையின் மனைவி அஞ்சலா கோயில் வாசலில் வைத்து எனக்குச் சொன்னாவே, அதைத்தான் தாங்க ஏலாமல் போனது. காரை விற்றபோதும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரியும்.

அலுமாரியைப் பற்றி எழுதினீர்கள். கலியாணம் முடித்த வருடம் உங்கள் கையால் செய்து தந்தது. அதுவும் செடர்தானே. இந்த மரத்துக்குப் பூச்சி வராது, பூச்சி உருண்டை போடாதையும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் போட்டுக்கொண்டே இருந்தேன். பூட்டித் திறப்பை என்னோடு கொண்டுவந்திருக்கிறேன். அது அந்த அறையில் நிற்கும்வரை நான் வீட்டைவிட்டுப் போனவள் இல்லை. அக்கா வீட்டில் கொஞ்ச நாள் நிற்கிறேன், அவ்வளவுதான். ஓகஸ்டில் கெவலார் மாதா திருவிழாவுக்கு முதல் நாள் வீட்டுக்கு வருவேன். அலுமாரியைத் திறந்து, என் கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு உங்களோடு மாதாவிடம் போவதாக நேர்ந்திருக்கிறேன். பிறகு திரும்ப அக்கா வீட்டுக்கு வரமாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எதை என்றாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள்
புஷ்பமலர்


வுப்பர்டால்
28.03.2004

அன்புள்ள புஷ்பம்,

உம்முடைய கடிதம் கண்டு சந்தோசம். கெவலாருக்கு லோறன்ஸ் அண்ணையின் வான் வண்டியில் இரண்டு இடம் சொல்லி வைத்துவிட்டேன்.

மரம்தான் பெரிய கரைச்சலாகிவிட்டது. ஹம்பேர்க் வியாபாரி கையை விரித்துவிட்டான். கோடையில்தான் வருமாம். வந்தாலும் புது மரம் காய்ந்து அடங்க நாள் செல்லும். ஹார்ட்மன் ஃபோனுக்கு மேல் ஃபோன். ஏலாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு நல்ல பழைய மரம் கைக்குக் கிடைத்தது. அடங்கிப்போன மரம், ஒரு வெடிப்பு இல்லை. மேலால் மெல்லியதாகச் சீவினேன், என்ன வடிவான நிறம்! ஈரம் ஏறினால் மரம் உப்பும், இழுப்பறை இறுகிவிடும் என்பதால் சுற்றிவர மெல்லிய இடைவெளி விட்டிருக்கிறேன். கதவுக்குப் பூட்டும் வேண்டுமாம். பித்தளைப் பூட்டு ஒன்று இருக்கிறது, அதைப் போடலாம்.

உம்முடைய சேலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. கூறையின் சரிகை மட்டும் மடிப்பில் கொஞ்சம் கறுத்திருக்கிறது.

அன்புடன்,
பேனாட்


டார்ம்ஸ்டாட்
18.04.2004

அன்புள்ள அத்தான்,

பாஸ்கா வாழ்த்துகள். உங்களுக்கும் பூசைக்குப் போக நேரம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கூறைக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பழைய சட்டைக்குள் இனி நான் நுழைய ஏலாது. அக்காவின் சமையலைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். சரிகை கறுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? திறப்பு என் கைப்பையில் கிடக்கிறது. "முந்தி எப்பவோ பாத்ததை நினைச்சு எழுதியிருப்பார், நீ சும்மா மண்டையைக் குழப்பாதை" என்கிறா அக்கா. நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வரி எழுதுங்கோ.

உங்கள்
புஷ்பமலர்


வுப்பர்டால்
27.06.2004

அன்புள்ள புஷ்பம்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை.

அலுமாரி முடிந்தது. வடித்த தண்ணீரில் துணியை நனைத்து உள்பக்கம் முழுக்கத் துடைத்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பூட்டாமல் சாத்தி வைத்தேன். முதலில் மரம் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருட்டில் இருக்கிற ஈரத்தை மரம் எடுத்துவிடும். ஈரம் காட்டும் முள் எழுபதில் வந்து நின்ற பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹார்ட்மன் கதவைத் திறந்து திறந்து மூடினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறந்தநாள் கழிந்து ஃபோன் எடுத்தார். போனேன். ஒரு சுருட்டை என்னிடம் நீட்டினார். நான் புகைப்பதில்லை என்றேன். மணந்து பார் என்றார். பார்த்தேன். பெட்டி பெட்டியாக அவ்வளவு சுருட்டும் பழுது. சீவியபோது ஒரு மணமும் இல்லை, ஈரம் ஏறியதும் மரத்துக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அலுமாரி இப்போது திரும்பப் பட்டறையில் நிற்கிறது.

உம்மிடம் ஒரு கேள்வி. மரத்தில் ஏறிய பூச்சி உருண்டை மணம் போக என்ன செய்ய வேண்டும்? நீர்தான் இதெல்லாம் அறிந்தவர். கெதியாய் எழுதும். பூட்டுக்கும் திறப்பு இல்லை, அதையும் செய்விக்க வேண்டும்.

அன்புடன்,
பேனாட்


டார்ம்ஸ்டாட்
04.07.2004

பேனாட் அவர்களுக்கு,

தட்டுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி வெயிலில், காற்றுப் படும்படி வையுங்கோ. வினாகிரியில் தண்ணீர் கலந்து துடையுங்கோ. இரவில் உள்ளே கோப்பித்தூள் வைத்துச் சாத்துங்கோ. கோடை முழுக்க இப்படிச் செய்தால் பாதி மணம் போகும். மிச்சம் போகாது. அது நான் வருடக்கணக்காகப் போட்டது.

இத்தனை வருடத்தில் ஒரு காரியத்தைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்காகவே பதில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். அலுமாரிக்காக இல்லை. "மரம் கிடைக்கேல்ல, உம்மட சேலை அலுமாரியை எடுக்கட்டா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், எடுங்கோ என்றுதான் எழுதியிருப்பேன். உங்களுடைய முதல் பெரிய வேலை.

கெவலாருக்கு அக்கா குடும்பத்தோடு போகிறேன். வானில் என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கோ. சேலைகளை அஞ்சலாவிடம் கொடுத்துவிடுங்கோ, கூறையையும் சேர்த்து. தைத்த சட்டை வந்துவிட்டது, நல்ல அளவு.

திறப்பை இதோடு வைத்திருக்கிறேன். புதிது செய்விக்கத் தேவையில்லை. திறப்பைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும் என்று வைத்தியரிடம் சொல்லுங்கோ.

புஷ்பமலர்