வலது காது உன்னுடையது

காலையில் ஆரணி பஸ்ஸில் சில்லறைக்குப் பையைத் துழாவியபோது அந்த இயர்போன் கைக்கு வந்தது. வயர் விட்டுப்போன இடத்தில் நீ சுற்றிவைத்த மாம்பழ நிறப் பட்டுநூல் இன்னும் பிரியவில்லை. நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் அசதி, மனசும் அப்படித்தான். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் பட்டுக் கடையில் ஒரே கவுண்டரில் புடவை மடித்தவர்கள் நாம். குவாண்டம் பாடத்தில் வரும் 'பெட்டிக்குள் துகள்' கேள்விக்குப் பத்து மார்க் பதிலை மனப்பாடம் செய்து எழுதினோமே தவிர, ஒரு வரி புரிந்ததில்லை. அதைப் புரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று முதலில் கிளம்பியவள் நீதான்.

காசு கேட்காத வீடியோ தேடியே ஒரு மாதம் போனது. சிலது இரண்டு பாடம் காட்டிவிட்டுச் சந்தா கேட்கும். சிலதில் பேசுகிறவர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார். கடைசியில், கரும்பலகையில் நிதானமாக எழுதிக் காட்டும் ஒரு பேராசிரியர் கிடைத்தார். தினமும் பஸ்ஸில் ஒரு பாடம். இடது காது எனக்கு, வலது காது உனக்கு. ஒருத்தி லீவு போட்டால் மற்றவள் பார்க்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டாய்.

மூன்று வாரம் ஒரு மண்ணும் புரியவில்லை. குவாண்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் அவர், இன்று முதல் வகுப்பு என்று சொல்லி வணக்கம் வைத்தார். பட்டியல் தலைகீழாக இருந்திருக்கிறது. கடைசிப் பாடத்திலிருந்து பார்த்து வந்திருக்கிறோம்.

"நமக்குத்தான் மரமண்டைன்னு நெனச்சிகினு இருந்தோம்டி" என்று நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கிப் பத்துப் பாடம் முடித்தோம். பதினொன்றுதான் பெட்டிக்குள் துகள்; தலைகீழாகப் பார்த்தபோது புரியாமலே தாண்டிப்போனது. அதற்குள் மஞ்சள் காமாலை முற்றி உன்னை வேலூரில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க வந்த என்னிடம், "நீ பாத்துடாதடி. நான் ஜல்தியா வந்துடறேன்" என்றாய். நானும் பார்க்கவில்லை. நீ இல்லை என்று ஆன பிறகும் பார்க்கவில்லை. சொன்னபடி வராத உன்மேல் கோபம்.

இன்று களம்பூரில் உட்கார இடம் கிடைத்ததும் பதினொன்றை அழுத்தினேன். அடைபட்ட துகளின் ஆற்றல் ஒருபோதும் பூஜ்யமாகாது, அது முழுசாக ஓயவே முடியாது என்றார் பேராசிரியர். நாம் எழுதிய அதே பதில்தான். ஆனால் அது சமன்பாட்டில் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குத் தெரிந்தது. "புரிஞ்சிச்சாடி?" என்று வலது பக்கம் திரும்பினேன்.

கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்பதற்குள் அழுகை வந்துவிட்டது. உன் பக்கத்து இயர்போன் மடியில் கிடந்தது. அதற்குள் பேராசிரியர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

நாளைக்குப் பன்னிரண்டு. உன் சட்டத்தை மீறித்தான் பார்க்கப் போகிறேன். வலது காதை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை.