ராண்டலின் கூரையில் சிலிகான்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓரிகனில் நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒழுகும் டிரெய்லர் வீட்டை என் தலையில் கட்டினானே ராண்டல், அவன் நேற்று தன் புது டிரெய்லரோடு நான் டிரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறைக்கே வந்தான். கூரையில் ஏறிப் பார்த்தேன். அவன் எனக்குச் செய்ததையே அவனுக்கு எவனோ செய்திருக்கிறான். வெடித்த இணைப்புகளைச் சிலிகான் பசை பூசி மறைத்திருக்கிறான். சிலிகான் மேல் வேறு பசை ஒட்டாது; முழுக்கச் சுரண்ட வேண்டும்.

"இன்னிக்கே அடைச்சுக் குடு தம்பி, மழை வருதாம்."

"சுரண்டவே ரெண்டு நாளாகும். ஈரத்துல பசை பிடிக்காது. மழை விடட்டும்."

"அதுவரைக்கும் எங்கய்யா படுக்கிறது?"

"உள்ளதான். ஒரு சொட்டு இறங்காதுண்ணே."

என்னிடம் விற்றபோது அவன் சொன்ன அதே வார்த்தை. அவன் முகம் சுருங்கியது, என் வயிறு குளிர்ந்தது. சுரண்ட இரண்டு நாளாகும் என்றதில் பொய்யில்லை. தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

இப்போது மழை கொட்டுகிறது. அவன் வண்டி பட்டறை முற்றத்தில், நான் குடியிருக்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. என் கூரையை நானே சுரண்டி அடைத்துவிட்டேன், ஒழுகவில்லை. அப்பாவின் கம்பளியை அனுப்பு, இங்கிருப்பது முன்பு ஒழுகியதில் பூஞ்சை பிடித்துவிட்டது. கூடவே இரண்டு வரி எழுதிப் போடு.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ராண்டலாகத்தான் இருக்கும். நனையட்டும், உறையை ஒட்டிவிட்டுத் திறக்கிறேன்.

உன் மகன்
வெஸ்லி