கடல்காற்று திரும்பிய பிறகு மூவாயிரம் மீட்டர்

ஜூன் 9, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து மேற்கேயிருந்து மேல்காற்று, அடுப்படியில் நிற்கிற மாதிரி. பி.டி. ஆசிரியர் கூட்டம் முடிந்து நெம்மேலி வந்து சேர்வதற்குள் தலைவலி. ஆனாலும் ஜெயித்தாயிற்று. சனிக்கிழமை மாவட்ட அணித் தேர்வு, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடலோர மைதானம். பெண்கள் மூவாயிரம் மீட்டரைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்ற வைத்துவிட்டேன்.

தேர்வை நடத்துகிற செல்வம் சார் முனகினார். "இன்னா டீச்சர், கடைசி நேரத்துல பேஜாரு பண்றீங்க."

"செய்யூர் பொண்ணுங்க முத பஸ்ஸப் புடிச்சாலும் காலையில வர முடியாது சார். கடல்காத்து வந்தப்புறம் ஓடட்டும். ஒண்ணும் சுருண்டு விழாது."

எல்லோரும் என் பக்கம். கொஞ்சம் பெருமைதான். இங்கே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்.

வாங்க வேண்டியது: குளுக்கோஸ், யாழினிக்கு சாக்ஸ், புளி.

ஜூன் 10, செவ்வாய்
மகள் யாழினிக்கும் அதே பந்தயம்தான். பிளஸ் டூ. இந்த வருஷம் அணிக்குள் போகாவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் கிடையாது. மாலை நேரத்துக்குப் பழகட்டும் என்று கடல்காற்று வந்த பிறகு ஓடவிட்டேன். பாதியில் இருமல். சின்ன வயதில் இழுப்பு இருந்த பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"தூசும்மா. சும்மா மூஞ்சிய அப்படி வெக்காத."

மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன், காற்று நன்றாகப் படட்டும் என்று. இருமல் கூடிற்று. குழாயில் தண்ணீர் வேறு நின்றுவிட்டது.

ஜூன் 11, புதன்
காலையில் ஓடினாள். மான் மாதிரி. இருமல் இல்லை. மாலை, அதே பாதை, அதே ஷூ. முடித்துவிட்டுக் குனிந்து நின்றாள்.

"மூச்ச முழுசா இழுத்தா குத்துதும்மா."

புகை இல்லை, தூசி இல்லை, வானம் கழுவிவிட்ட மாதிரி. பின்னே என்ன?

ஜூன் 12, வியாழன்
கீதாவுக்குப் போன். என்னோடு காலேஜில் படித்தவள், இப்போது சென்னையில் காற்று மாசு அளக்கிற வேலை. எல்லாம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்க காத்து எப்ப திரும்புது?"

மேல்காற்று பலமாக இருப்பதால் இந்த வாரம் லேட் என்றேன்.

"அதான். காலையில மேல்காத்து ஊர்ல இருக்கற வண்டிப் புகை, கம்பெனிப் புகை எல்லாத்தையும் கடலுக்குத் தள்ளுது. அங்க வெயில்ல வெந்து ஓசோனா மாறுது, அது நெஞ்ச அரிக்கிற வாயு. சாயந்திரம் கடல்காத்து அதையே திருப்பிக் கொண்டாந்து கரையில கொட்டுது. கண்ணுக்குத் தெரியாது. ஓடற பிள்ளைங்க நெஞ்சுக்குள்ள ஆழமா போயிடும்."

"தெனமுமா?"

"இல்லடி. இந்த மாதிரி நாள்ல."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவளை உட்கார வைத்த நாற்காலி இன்னும் கிழக்கே பார்த்தபடி. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜூன் 13, வெள்ளி
அனல். சோறு இறங்கவில்லை. செல்வம் சாரிடம் மறுபடி காலைக்கே மாற்றச் சொன்னேன். சிரித்தார்.

"கடல்காத்து கெடுதலா? டாக்டரே அதத்தான வாங்கச் சொல்றாரு. நீங்கதான மாத்துனீங்க, இப்ப நீங்களே மாத்து மாத்துன்னுகினு கீறீங்க. செய்யூர்க்காரங்க வேன் பேசிட்டாங்க. போன வைங்க டீச்சர்."

ஆசிரியர் குரூப்பில் எல்லாவற்றையும் டைப் செய்தேன். அனுப்பவில்லை. மகள் தோற்றுவிடுவாள் என்று கதை கட்டுகிறாள் என்பார்கள். அழித்தேன்.

யாழினியிடம் கீதா சொன்னதைச் சொல்லி, நீ ஓட வேண்டாம் என்றேன். காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். தட்டைத் தள்ளிவிட்டாள்.

"உன் பொண்ணுக்கு மட்டுந்தான் நுரையீரல் இருக்கா?"

தட்டைக் கழுவினேன்.

ஜூன் 14, சனி
மேகம் இல்லை. மேல்காற்று மதியம் வரை விடவில்லை. எனக்கு நேரம் பார்க்கிற வேலை. யாழினியும் வந்தாள், ஓடவில்லை, என் பக்கத்திலும் உட்காரவில்லை. காற்று திரும்பக் கூடாது, இன்றைக்கு மட்டும் திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். திரும்பியது. மைதானம் முழுக்க "அப்பாடா." பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். செல்வம் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். விசில்.

பாதிக்கு மேல் ஒவ்வொருத்தியாய் இருமல். இரண்டு பேர் ஓடுபாதையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை, வெயில் என்றார்கள். முதலில் வந்தவள் செய்யூர்ப் பெண், ஒல்லி, வெறுங்கால். இழுப்பெல்லாம் அறியாத பிள்ளை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள், இருமுகிறாள், நிற்கவே இல்லை. அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்து, தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்.

"காத்தாட நில்லும்மா. செரியாப் பூடும்."

பிறகு நேரே என்னிடம் வந்தார். கும்பிட்டார். "நேரத்த நீங்கதான் மாத்தி வுட்டீங்களாமே டீச்சர். இல்லாங்காட்டி எங்களால வந்திருக்கவே முடியாது. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

யாழினி எழுந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மைதானத்தை ஒட்டியிருந்த ஹாலுக்குள் இழுத்துப் போனாள், கதவைச் சாத்தினாள், ஜன்னல்களையும். நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு அவரிடம் "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.