கறுப்பாக வடிந்த தண்ணீர்

மனிக்கா, மொசாம்பிக்
அக்டோபர் 1977

நெட்சாயின் அப்பாவுக்கு, செகாய் மண்டியிட்டு எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். சுரங்கத்தில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

ரேடியோவில் கேட்டுப் பதறியிருப்பீர்கள். உண்மைதான். வெள்ளைக்காரர்களின் ரொடீசியப் படை எல்லை தாண்டி வந்து, ஆற்றுக்கு அக்கரையிலிருந்த போராளிகள் முகாமைக் கொளுத்திவிட்டது. அந்தப் படையாட்கள் இரண்டு பேர் முதலில் வந்தது நம் வீட்டுக்குத்தான்.

நடுப்பகல். இருவரும் போராளிகளின் உடுப்பில் இருந்தார்கள். ஒருவன், "அம்மா, பசி உயிர் போகுது. நம்ம பசங்க முகாமுக்கு எப்படிப் போகணும்?" என்று நம் பாஷையிலேயே கேட்டான். மற்றவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். எதையும் துருவாமல் என்னால் இருக்க முடியுமா? "தொண்டை கட்டினா கையுமா கட்டிக்கும்? வீட்டுக்கு வந்தவன் கையைத் தட்டி வணக்கம் வைக்கக் கூடாதா?" என்றேன்.

சோளக் களியும் கீரையும் வைத்து, வழக்கம்போல் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பேசினவன் கழுவிவிட்டுக் களியில் இறங்கிவிட்டான். ஊமையின் கையிலிருந்து தண்ணீர் கறுப்பாக வடிந்தது. விரல்கள் உரித்த கிழங்குபோல் வெளுத்திருந்தன. அவன் கீழே கிண்ணத்தில் விழுந்த தண்ணீரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கூட்டாளிக்குச் சைகைகூடக் காட்டாமல் களியை எடுத்துச் சாப்பிட்டான்.

"ஆத்துல முதலை இருக்கு, மலையைச் சுத்திப் போங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவர்கள் மறைந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரைக்கு ஓடினேன். நான் சொன்னதும், முகாமில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த உங்கள் தங்கை விம்பாய்தான் எல்லாரையும் காட்டுக்கு விரட்டினாள். "அண்ணி, நீங்க போங்க. படுத்திருக்கிறவங்களைத் தூக்கிவிட்டுட்டு வந்துடுறேன்" என்றாள்.

பாதிக்கு மேல் தப்பினார்கள். விம்பாய் இன்னும் வரவில்லை.

அந்த வெள்ளைக்காரன் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? பசியா, பயமா? இரக்கமென்றால், பிறகு எப்படி மனம் வந்து அங்கே போய்ச் சுட்டான்? வேலை செய்யும்போதெல்லாம் இதையே யோசிக்கிறேன்.

இப்போது யார் வந்தாலும் முதலில் கைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்கிறேன். நீங்களே வந்தாலும் ஊற்றுவேன், கோபிக்காதீர்கள்.

அத்தை எங்கே என்று நெட்சாய் தினமும் கேட்கிறாள். அக்கரையில் செத்தவர்களைப் போட்ட குழிகளை மூடிவிட்டார்களாம். மூடுவதற்கு முன்னால் வந்து முகம் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் துருவும் நான் மட்டும் போகவில்லை. முன்னோர்கள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள். விம்பாயைப் பற்றி நீங்கள் வந்து கேளுங்கள், எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது.

உங்கள்
செகாய்