அட்டைப்படத்தில் சரோஜா

நவம்பர் 14, மயூர் விஹார், தில்லி

என் கணினியிலுள்ள கச்சேரித் தொகுப்பை மகள் நித்யா இன்று ஒழுங்குபடுத்தினாளாம். அவள் நிறுவிய மென்பொருள், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் நான் வைத்திருந்த அட்டைப்படத்தை அழித்துவிட்டு, இணையத்திலிருந்து பாடகர்களின் முகங்களை ஒட்டியிருக்கிறது.

"இப்பதான் அச்சா இருக்குப்பா. பழைய போட்டோல பாடறவர் ஓரத்துல, நடுவுல அம்மா!"

அம்மா நடுவில் இருக்கவேண்டும் என்றுதான் அவற்றை நானே எடுத்தேன். அந்தப் பாடகர்களுக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் தம்புரா மீட்டியவள் என் மனைவி சரோஜா. வெளிவந்த எந்த அட்டையிலும் அவள் இல்லை.

"விடுங்க, என்னை யார் பாக்கப் போறா?" என்றாள் சரோஜா.

நான் பார்ப்பேன். பழைய படங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. படத்தைப் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதித்து, எந்த மென்பொருளும் தொடமுடியாதபடி பூட்டி வருகிறேன். மூன்று முடிந்தன, மீதி நானூறு. நான்காவதில் பாடகரின் பாதி முகம்தான் தெரிகிறது. அது போதும் அவருக்கு.